வண்ணப்படமும் டிகிரிக் கணக்கும்

உலைத்தொழில்களின் கன்ட்ரோல் ரூம்களில் அகச்சிவப்புக் கேமரா யாரும் கேள்வி கேட்காத மரியாதையைப் பெற்றுவிட்டது. சிமென்ட் சூளை, எஃகுக் கன்வெர்ட்டர், கண்ணாடி உலை, அம்மோனியா ஆலையின் ரிஃபார்மர் என எங்கு போனாலும் ஒரு திரை இருக்கிறது. திரையில் நீலத்திலிருந்து வெள்ளை வரை நிறங்கள், நிறங்களின் ஓரத்தில் தசமப்புள்ளியோடு ஓர் எண். படம், நிறம், எண் என்ற மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. விற்பவர்கள் மூன்றையும் சேர்த்துப் புகழ்கிறார்கள். சந்தேகப்படுபவர்கள் மூன்றையும் சேர்த்துத் தள்ளுகிறார்கள். இரண்டுமே மதிப்பீடு ஆகாது.

இங்கே கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். ஒரு கருவியின் பிழை பெரிதா சிறிதா என்பதற்குத் தனியே பொருள் இல்லை. அந்த அளவை நம்பி எடுக்கும் முடிவு எத்தனை டிகிரி தவறைத் தாங்கும் என்பதோடு சேர்த்தே அதை நிறுக்க வேண்டும். 25 டிகிரி பிழை ஓரிடத்தில் பொருட்டே இல்லை. வேறோரிடத்தில் அது ஒரு குழாயின் ஆயுளில் பாதிக்கு மேல் தின்றுவிடும். எனவே நல்ல கேமராவா, கெட்ட கேமராவா என்று கேட்பதில் பயனில்லை. எந்த உலை, எந்த அலைநீளம், எந்த முடிவு என்று கேட்டால்தான் விவாதத்துக்கு வழி பிறக்கும்.

நுட்ப விவரத்தாளிலிருந்து தொடங்கலாம். குளிரூட்டல் தேவைப்படாத மைக்ரோபோலோமீட்டர் கேமராவின் தாளில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, அது பிரித்தறியும் மிகச்சிறிய வெப்பநிலை வேறுபாடு: அறை வெப்பநிலையில் 0.05 டிகிரி, நல்ல கருவியானால் 0.03. மற்றொன்று துல்லியம்: 2 டிகிரி அல்லது அளவில் 2 விழுக்காடு, எது பெரிதோ அது, கூடவும் குறையவும். விளம்பரத்தில் முதல் எண் வரும். இரண்டாவதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். 1,500 டிகிரியில் 2 விழுக்காடு என்றால் 30 டிகிரி. அதுகூட ஆய்வகத்தில், தன்மேல் படும் கதிரையெல்லாம் உறிஞ்சும் கரும்பொருளாக நடந்துகொள்ளும் உலையின் வாய்க்கு நேரே கேமராவை நிறுத்திப் பெற்ற எண். புகை, தூசு, பளபளக்கும் உலோகம், பக்கத்துச் சுவரின் தணல் எதுவும் அதில் சேரவில்லை.

நுண்ணுணர்வுக்கும் துல்லியத்துக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதற்கு இந்தக் கருவியின் பிறப்பே காரணம். மைக்ரோபோலோமீட்டர் 1980களில் அமெரிக்க ராணுவத்தின் பணத்தில் ஹனிவெல் நிறுவனத்தில் உருவானது. 1992இல்தான் ரகசியத் தடை நீங்கி வெளியே வந்தது. இருட்டில் நிற்கும் மனிதனைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டினால் ராணுவத்துக்குப் போதும். அவன் உடம்பு எத்தனை டிகிரி என்று அது கேட்கவில்லை. வேறுபாட்டைக் காட்டப் பிறந்த கருவியிடம் தொழிற்சாலை வந்து டிகிரியைக் கேட்டது. கருவியும் மறுக்காமல் ஓர் எண்ணைக் கொடுத்தது.

இதைக் கேட்டதும், தொட்டு அளப்பதே அளவு, தூரத்தில் நின்று பார்ப்பது ஊகம் என்று தெர்மோகப்பிளோடு வளர்ந்த மூத்த பொறியாளர்கள் தலையாட்டக்கூடும். அந்த வாதம் நிற்காது. 1990இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச வெப்பநிலை அளவுத்திட்டம், வெள்ளி உறையும் 961.78 டிகிரிக்கு மேலே வெப்பநிலையை வரையறுப்பதே பிளாங்கின் கதிர்வீச்சு விதியைக் கொண்டுதான். வெள்ளி, தங்கம், செம்பு ஆகியவற்றில் ஒன்றின் உறைநிலையை ஆதாரமாக வைத்து, அங்கிருந்து கதிர்வீச்சின் விகிதத்தால் மேலே ஏற வேண்டும். அந்த எல்லைக்கு மேல் தெர்மோகப்பிள்தான் கதிர்வீச்சிடம் கடன் வாங்கி நிற்கிறது. ஆகவே கோட்பாட்டளவில் அகச்சிவப்பு அளவீடு இரண்டாந்தரச் சரக்கு இல்லை. சிக்கல், அந்த வரையறை கரும்பொருளைப் பற்றியது என்பதில் இருக்கிறது. ஆலையில் யாரும் கரும்பொருளை உருக்குவதோ உருட்டுவதோ இல்லை.

உண்மையான பரப்பு எதுவும், அதே வெப்பநிலையிலுள்ள கரும்பொருள் வீசுவதில் ஒரு பங்கைத்தான் வீசும். அந்தப் பங்கே உமிழ்திறன். கேமராவுக்கு அது தெரியாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும். சொல்வதில் 10 விழுக்காடு தவறினால் என்ன ஆகும் என்பதை பிளாங்கின் விதியிலிருந்தே கணக்கிடலாம். பொருள் 1,500 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். 1 மைக்ரான் அலைநீளத்தில் பார்க்கும் கருவியில் பிழை சுமார் 22 டிகிரி. 3.9 மைக்ரானில் 75. மைக்ரோபோலோமீட்டர் வேலை செய்யும் 10 மைக்ரான் பக்கம் 120ஐத் தாண்டும். கருவியின் தரம் ஒன்றே, மனிதர் செய்த தவறும் ஒன்றே. அலைநீளம் மட்டும் மாறியதால் பிழை ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. உயர்வெப்பத்துக்குக் குறுகிய அலைநீளமே நல்லது என்ற பழைய பாடம் இந்தக் கணக்கிலிருந்து வந்தது. அந்தப் பாடமும் முழு உண்மை இல்லை என்பதை ரிஃபார்மர் பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

அளவுகோலைச் சோதிக்க எளிய இடம் சிமென்ட் சூளை. குறுக்களவு நான்கைந்து மீட்டர், நீளம் அறுபது மீட்டருக்கு மேல், நிமிடத்துக்கு மூன்று முதல் ஐந்து சுற்று சுற்றும் எஃகு உருளை. உள்ளே தீப்பிழம்பு 2,000 டிகிரியை ஒட்டியும் கிளிங்கர் 1,450 அளவிலும் இருக்கும். இவற்றுக்கும் உருளையின் எஃகு ஓட்டுக்கும் நடுவே ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர் தீச்செங்கல், அதன்மேல் கிளிங்கரே படிந்து உண்டாகும் கோட்டிங். இவை இரண்டும் சரியாக இருந்தால் ஓடு 300 டிகிரி பக்கத்தில் இருக்கும். செங்கல் விழுந்தால் அந்த இடம் சிவக்கும். அரியலூர் வட்டாரத்து ஆலைகளில் இரவு ஷிப்ட் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு என்ன செலவு வைக்கும் என்று தெரியும். ஓடு நெளிந்தால் சூளை வாரக்கணக்கில் நிற்கும்.

இங்கே வேலை செய்யும் ஷெல் ஸ்கேனர், கறாராகச் சொன்னால், கேமராகூட இல்லை. சுழலும் கண்ணாடி ஒன்று சூளையின் நீளவாக்கில் ஒரு கோட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. மற்ற அச்சைச் சூளையே சுழன்று தருகிறது. உருளை முழுவதையும் விரித்துப்போட்ட வரைபடம் கிடைக்கிறது. இதைவிடச் சிக்கனமான வடிவமைப்பை இந்தத் துறையில் காண்பது அரிது. குறையே இல்லாத செயல்திட்டம் என்று இதைச் சொல்லிவிடலாமா? முடியாது. சூளையைத் தாங்கும் டயர் வளையங்களுக்கு அடியிலுள்ள ஓட்டை இது பார்ப்பதில்லை. இயந்திர அழுத்தம் மிகுந்த இடமும் அதுவே. நடுவே தூண் நின்றால் அதன் மறைவில் இருக்கும் பகுதிக்குத் தனிப் பைரோமீட்டர் வைக்க வேண்டும். கோட்டிங் உதிர்ந்ததா, செங்கல்லே விழுந்ததா என்பதை ஒரே படம் சொல்லாது. வெப்பம் எவ்வளவு விரைவாக ஏறியது என்ற வரலாற்றோடு படித்தால்தான் தெரியும்.

ஆனால் அளவுகோலில் இது எளிதாகத் தேறுகிறது. துருவேறிய எஃகு ஓட்டின் உமிழ்திறன் உயர்ந்தது, பெரிதாக மாறுவதும் இல்லை. சுற்றுப்புறம் ஓட்டைவிடக் குளிர்ந்தது, எனவே எதிரொளிப்பு ஒரு பொருட்டில்லை. 350 டிகிரியில் உமிழ்திறனை 10 விழுக்காடு தவறாகச் சொன்னாலும் 10 மைக்ரானில் பிழை 24 டிகிரி அளவுதான். 350இல் விசிறியைத் திருப்பி வைத்துக் கவனிப்பார்கள். 450ஐத் தாண்டி 500ஐ நெருங்கும்போது சூளையை நிறுத்தும் பேச்சு எழும். முடிவுக்கு நூறு டிகிரி இடம் இருக்கையில் 24 டிகிரி பிழை யாரையும் கெடுப்பதில்லை.

கெடுப்பது வேறொன்று. பல திரைகளில் நிறங்களின் எல்லையைக் கருவி தானே மாற்றிக்கொள்ளும்படி விட்டிருக்கிறார்கள். இன்றைய படத்தில் சிவப்பு 310 டிகிரி, நேற்றைய படத்தில் 380. இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டிய அறிக்கைகள் மேலாளர் மேசைக்குப் போகின்றன. அளவீட்டில் வென்றதைக் காட்சியில் தோற்பது என்பது இதுதான். நிறம் தகவல் தருவதில்லை, கவனத்தை ஈர்க்கிறது. எல்லை பூட்டப்படாத நிறப்படத்தைக் கோப்பில் சேர்க்காமல் இருப்பதே மேல்.

அடுத்த உதாரணம் எஃகுக் கன்வெர்ட்டர். என் மதிப்பில் இந்தத் துறையின் மிக அழகான சாதனை இங்கே நடந்தது. கன்வெர்ட்டரைச் சாய்த்து 1,650 டிகிரி அளவிலுள்ள எஃகை லேடிலில் ஊற்றுகிறார்கள். எஃகின் மேல் மிதக்கும் கசடு, ஊற்றலின் முடிவில் சுழலோடு சேர்ந்து துளை வழியே இறங்கத் தொடங்கும். கசடு லேடிலுக்குள் போனால் நீக்கிய பாஸ்பரஸ் திரும்ப எஃகுக்குள் ஏறும், ஆக்சிஜன் நீக்கச் சேர்க்கும் அலுமினியம் வீணாகும், அயற்துகள்கள் பெருகும். சீக்கிரம் நிறுத்தினால் நல்ல எஃகு கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். சில விநாடிகளில் எடுக்க வேண்டிய முடிவு. முன்பு இதைக் கோபால்ட் நீலக் கண்ணாடி வழியே பார்க்கும் அனுபவசாலியின் கண் எடுத்தது. புகை எழுந்தால் அந்தக் கண்ணும் தடுமாறும். ஷிப்டுக்கு ஷிப்ட் தீர்ப்பும் மாறும்.

எஃகும் கசடும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. வெப்பநிலை அளக்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஆனால் உலோகத்தின் உமிழ்திறன் குறைவு; அலைநீளம் கூடக்கூட அது மேலும் குறையும் என்பதை ஹாகனும் ரூபென்ஸும் 1903இலேயே காட்டினார்கள். ஆக்சைடுகளான கசடோ தாராளமாகக் கதிர்வீசும். எனவே நீண்ட அலைநீளத்தில் பார்க்கும் கேமராவில் எஃகு மங்கலாகவும் கசடு பளிச்சென்றும் விழும். மற்ற இடங்களில் அளவீட்டைக் கெடுக்கும் உமிழ்திறன் வேறுபாடு இங்கே சமிக்ஞையாகவே மாறிவிடுகிறது. நீண்ட அலைநீளம் உயர்வெப்பத்துக்கு ஆகாது என்ற பாடநூல் விதியும் இங்கே தலைகீழாகிறது; புகையை ஊடுருவுவதிலும் அதுதான் உதவுகிறது. கருவியின் பலவீனத்தைப் புரிந்துகொண்டு அதையே முறையாக்கியவர்கள் உண்மையான பொறியாளர்கள். இங்கே கேமரா எத்தனை டிகிரி என்று காட்டினாலும் அந்த எண்ணுக்குப் பொருளில்லை, அதை யாரும் கேட்பதும் இல்லை.

குறைகளும் உண்டு. கேமரா ஊற்றின் மேல்தோலை மட்டும் பார்க்கிறது. நடுவே எஃகோடு கலந்து இறங்கும் கசடை அது அறியாது. துளை தேய்ந்து ஊற்று சிதறத் தொடங்கினால் பிரகாசக் கணக்கு குழம்பும். உலோகக் கலவைகளைச் சேர்க்கும்போது எழும் புகை சில விநாடிகளைத் தின்றுவிடும். எத்தனை விழுக்காடு பிக்சல் பிரகாசமானால் எச்சரிக்கை என்ற வரம்பை ஒவ்வொரு ஆலையும் தன் அனுபவத்தில்தான் வைத்துக்கொள்கிறது. ஓர் ஆலையின் வரம்பு இன்னொன்றுக்குப் பொருந்தாது. இத்தனையையும் கழித்த பின்னும், நீலக் கண்ணாடி பிடித்து நின்ற மனிதரோடு ஒப்பிட்டால் முறைமையில் இது ஒரு படி மேலே.

கண்ணாடி உலையை நீளமாகப் பேசத் தேவையில்லை. 1,600 டிகிரி அளவிலுள்ள அதன் சிலிக்கா வளைவு மூடிய குகைபோல் நாற்புறமும் தணலால் சூழப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் எல்லாப் பரப்பும் கரும்பொருளை நெருங்கும். சுவரைத் துளைத்துச் செருகும், குளிர்காற்று ஓடும் 1 மைக்ரான் கேமரா அங்கே டிகிரியையும் நம்பத் தகுந்த அளவில் தருகிறது. பதிலுக்குப் படத்தின் வேறுபாடு மங்கிப்போகிறது. எல்லாம் ஒரே தணலாக இருக்கும்போது விளிம்புகள் கரைந்துவிடும்.

அலுமினியத்தில் நிலைமை நேரெதிர். எக்ஸ்ட்ரூஷன் அச்சிலிருந்து 530 டிகிரியில் வெளிவரும் சட்டத்தின் உமிழ்திறன் 0.10 என்று அமைத்த 2 மைக்ரான் கருவி, ஆக்சைடு சற்றுத் தடித்து 0.15 ஆன பரப்பைப் பார்த்தால் ஏறக்குறைய 40 டிகிரி கூட்டிச் சொல்லும். பரப்பின் தன்மை கலவைக்குக் கலவை, அச்சுக்கு அச்சு மாறும். சட்டத்தின் வலிமையும் பளபளப்பும் அந்த வெப்பநிலையைப் பத்திருபது டிகிரிக்குள் பிடிப்பதைப் பொறுத்தவை. சாதாரண வெப்பக் கேமராவுக்கு இங்கே தகுதி இல்லை. இதைச் சொல்லத் தயங்கும் விற்பனையாளரிடம் மற்ற உலைகளைப் பற்றியும் கேட்காமல் இருப்பது நல்லது.

உமிழ்திறன் தொல்லைக்கு மாற்றாக இருநிறப் பைரோமீட்டரைக் கொண்டுவருவார்கள். இரண்டு அலைநீளங்களில் அளந்து விகிதம் எடுத்தால் உமிழ்திறன் வெட்டுப்பட்டுப் போகும் என்பது வாதம். இரண்டு அலைநீளங்களிலும் அது ஒன்றாக இருந்தால் வெட்டுப்படும். உலோகங்களில் அப்படி இருப்பதில்லை. 0.95, 1.05 மைக்ரான் என்ற இணையை எடுத்துக்கொள்வோம். 1,500 டிகிரியில் இரண்டு உமிழ்திறன்களின் விகிதம் 1 விழுக்காடு மாறினாலே பிழை 22 டிகிரி. ஒற்றை அலைநீளக் கருவியில் 10 விழுக்காடு தவறு தந்த அதே 22. தூசு படிந்த கண்ணாடி வழியே பார்க்கவும், பார்வைப் பரப்பை முழுதாக நிரப்பாத மெல்லிய கம்பியை அளக்கவும் இந்த முறைக்கு நியாயமான இடம் உண்டு. உமிழ்திறனிலிருந்து முழு விடுதலை என்ற முழக்கத்துக்கு இல்லை.

இனி ரிஃபார்மர். இந்த மதிப்பீட்டின் கடினமான வழக்கு இதுதான். அம்மோனியா ஆலைகளிலும் சுத்திகரிப்பு நிலையங்களின் ஹைட்ரஜன் பிரிவுகளிலும் உள்ள இந்த உலையில், நிக்கல் வினையூக்கி நிரப்பிய குழாய்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றும் பத்து மீட்டருக்கு மேல் நீளம். குரோமியமும் நிக்கலும் மிகுந்த வார்ப்புக் கலவை. வெளியே பர்னர்களின் தீ, உள்ளே மீத்தேனும் நீராவியும். குழாய்த்தோல் 900 டிகிரி அளவில் அழுத்தத்தோடு வாழ்கிறது. ஒரு லட்சம் மணி நேரம் உழைக்கும்படி வடிவமைப்பார்கள். வடிவமைப்பு வெப்பநிலையைவிட 20 டிகிரி தொடர்ந்து கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் துறையினர் எல்லாரும் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு. முடிவுக்கு இருக்கும் இடம் அந்த 20 டிகிரிதான்.

இந்த உலைக்கென்றே வந்தது 3.9 மைக்ரான் வடிகட்டி வைத்த கேமரா. எரிவாயுத் தீயில் கதிர்வீசுவன பெரும்பாலும் நீராவியும் கார்பன் டைஆக்சைடும். 2.7 மைக்ரானை ஒட்டியும் 4.3 மைக்ரானை ஒட்டியும் அவை அடைத்துக்கொள்ள, நடுவே 3.9இல் ஒரு சன்னல் திறந்திருக்கிறது. அதன் வழியே பார்த்தால் தீ மறைந்து பின்னாலுள்ள குழாய் தெரியும். கருத்தளவில் இது மிக நேர்த்தி. எரிபொருள் எண்ணெயாகிப் புகைக்கரி வந்தால் சன்னலும் மங்கும் என்ற நிபந்தனை மட்டும் உண்டு.

படம் தரும் பயனில் எனக்கு ஐயமில்லை. பழைய பைரோமீட்டரால் எட்டிப்பார்க்கும் துளையருகே நின்று, வெக்கையில் முகம் காய, ஒரு நேரத்தில் ஒரு புள்ளியை அளக்க முடிந்தது. கேமரா ஒரே பார்வையில் வரிசை முழுவதையும் தருகிறது. வினையூக்கி உடைந்து அடைத்த குழாய் அண்டைக் குழாய்களுக்கு நடுவே தனித்து ஒளிரும். பழுதான குழாயில் பட்டை பட்டையாக விழும் வரிகளை ஆலைக்காரர்கள் டைகர் டெயில் என்பார்கள். அது படத்தில் தப்பவே தப்பாது. எந்த பர்னர் சாய்ந்து எரிகிறது, எந்தக் குழாய் அதில் காய்கிறது என்பதும் தெரியும். இவையெல்லாம் ஒப்பீடுகள். ஒப்பீட்டில் இந்தக் கருவிக்கு முழு மதிப்பெண்.

டிகிரி கேட்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. குழாய் 900 டிகிரி, எதிரேயுள்ள தீச்செங்கல் சுவர் 1,100 டிகிரி, குழாயின் உமிழ்திறன் 0.85 என்று வைத்துக்கொள்வோம். கேமராவுக்குள் வருவது குழாய் தானாக வீசும் கதிர் மட்டுமில்லை. தன்னைவிடச் சூடான சுவரிலிருந்து வாங்கி அது திருப்பியனுப்பும் 15 விழுக்காடும் கூடவே வருகிறது. 3.9 மைக்ரானில், எந்தத் திருத்தமும் செய்யாமல் உமிழ்திறன் 1 என்றே விட்டால் கருவி 933 டிகிரி காட்டும். அக்கறையுள்ள பொறியாளர் ஒருவர் நூலைப் பார்த்து 0.85 என்று சரியான உமிழ்திறனைப் போட்டு, சுவரைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டால் 997 காட்டும். திருத்தம் பிழையை 33இலிருந்து 97 ஆக்கிவிட்டது! அரைகுறை அறிவைவிட அறியாமை மேல் என்று ஆகிவிடும் அபூர்வமான இடம் இது. கையேட்டில் உமிழ்திறனைச் சரியாக அமைக்கவும் என்று ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்ளும் கம்பெனிகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் குறுகிய அலைநீளத்துக்குப் போகலாமே என்றால், இங்கே அந்தப் பழைய பாடமும் கைவிடுகிறது. 1 மைக்ரானில் 900 டிகிரிக் குழாயைவிட 1,100 டிகிரிச் சுவர் ஏறக்குறைய ஆறு மடங்கு பிரகாசம், 3.9 மைக்ரானில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். எனவே திருத்தமில்லாத 1 மைக்ரான் கருவி 956 காட்டும். உமிழ்திறன் பிழைக்கு மருந்தான குறுகிய அலைநீளம் எதிரொளிப்புப் பிழைக்கு எண்ணெய் வார்க்கிறது. சுற்றுப்புறம் பொருளைவிடக் குளிர்ந்த இடங்களில் அது வெல்லும்; சூடான இடங்களில் தோற்கும். அலைநீளத் தேர்வு பற்றிய கைநூல் அட்டவணைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைக் குறிப்பிடுவதே இல்லை.

பிழை எப்போதும் கூட்டியே காட்டுகிறது, ஆகவே பாதுகாப்பான பக்கம்தானே என்று சமாதானம் சொல்வோர் உண்டு. இந்தச் சமாதானத்தை ஏற்பதற்கில்லை. கூட்டிக் காட்டும் எண்ணை நம்பினால் தீயைக் குறைப்பார்கள், உற்பத்தி குறையும். நம்பாவிட்டால், நம் கேமரா நாற்பது கூட்டிக் காட்டும் என்று வாய்வழியாக ஒரு கழித்தல் பரவும். பர்னர் மாற்றிய பின்போ, சுவருக்கோ குழாய்க்கோ புதுப் பூச்சு அடித்த பின்போ அந்த நாற்பது வேறொன்றாகிவிடும். கழித்தல் மட்டும் பழக்கமாக நீடிக்கும். அளவுகோலே இல்லாத நிலையைவிட, தவறான அளவுகோல் பழகிப்போன நிலை ஆபத்து மிகுந்தது.

முழுத் திருத்தம் செய்தால் என்ன ஆகும் என்பதையும் நேர்மையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அதே படத்திலிருந்து சுவரின் கதிர்வீச்சையும் எடுத்து, அதில் குழாய் திருப்பியனுப்பும் பங்கைக் கழித்து, பிறகு உமிழ்திறனால் வகுத்தால் 900 கிடைக்கும். உமிழ்திறன் 0.80க்கும் 0.90க்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்ற அளவுக்கே தெரிந்திருந்தாலும் விடை 886க்கும் 912க்கும் இடையே விழும். அதாவது கூடவும் குறையவும் 13 டிகிரி அளவு. முடிவுக்கு இருந்த இடம் 20. தேறுகிறது, ஆனால் மயிரிழையில். ஒரு குழாய் எதிரொளிப்பது ஒரே சுவரை மட்டுமில்லை என்பதும், பக்கத்துக் குழாய்களும் பர்னர் வாய்களும் தரையும் அதில் கலந்திருப்பதும் இந்த மயிரிழையை இன்னும் மெலிதாக்குகின்றன. வரிசையின் கடைசிக் குழாய்களைச் சாய்வாகப் பார்க்கும்போது உமிழ்திறனும் சரியும். துளையைத் திறந்ததும் உள்ளே பாயும் குளிர்காற்று அருகிலுள்ள குழாயைக் குளிரச் செய்து, அளப்பதையே மாற்றிவிடும். நிலையாகச் செருகிய கேமராக்கள் இந்தக் கடைசிக் குறையைத் தீர்த்துவிட்டன. அதற்காகவே அவற்றுக்குக் கைக்கேமராவைவிட ஒரு படி கூடுதல் இடம் தரலாம்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய, நாகரிகமற்ற தீர்வு உண்டு. உட்புறம் தங்கமுலாம் பூசிய அரைக்கோளக் கிண்ணத்தை, நீர்க்குளிரூட்டிய நீண்ட தண்டின் முனையில் வைத்து உலைக்குள் நீட்டி, குழாயின் மேல் கவிழ்ப்பார்கள். கிண்ணம் சுவரின் கதிரை மறைத்துவிடும். குழாய் வீசுவது தங்கத்தில் பட்டுத் திரும்பத் திரும்ப மோதிக் கரும்பொருளாகவே ஆகிவிடும். கிண்ணத்தின் நடுத்துளை வழியே படிக்கும் எண் உண்மைக்கு மிக அருகில் இருக்கும். கனம், மெதுவான வேலை, எட்டும் குழாய்கள் சில மட்டும். படம் கிடையாது, நிறமும் கிடையாது. அந்தச் சில குழாய்களில் அது தரும் எண்ணை அதே நாழிகையில் கேமரா தரும் எண்ணோடு வைத்துப் பார்த்தால், அந்த உலைக்கு, அந்தப் பார்வைக்கோணத்துக்கு, அந்த எரிப்பு நிலைக்கு உரிய திருத்தம் கையில் வந்துவிடும். அதன்பிறகு கேமராவின் வண்ணப்படம் முழு வரிசைக்கும் டிகிரியைச் சொல்லத் தகுதி பெறுகிறது.

ஆகவே ரிஃபார்மரில் என் தீர்ப்பு நிபந்தனையோடு கூடியது. பழுதான குழாயைக் கண்டுபிடிக்க, பர்னர்களைச் சமன்செய்ய, மாதாமாதம் ஒப்பிட, 3.9 மைக்ரான் கேமராவுக்கு நிகர் எதுவும் இல்லை, நிபந்தனையின்றி வாங்கலாம். குழாயின் மீதி ஆயுளைக் கணக்கிடவோ, உற்பத்தியை வரம்பின் விளிம்புவரை கொண்டுபோகவோ அதன் எண்ணைப் பயன்படுத்துவதானால், படத்தை நிறமாக அல்லாமல் மூலக் கதிர்வீச்சு மதிப்பாகச் சேமிக்க வேண்டும். உமிழ்திறனும் சுவரின் வெப்பநிலையும் என்னவென்று வைத்து அந்த எண் பெறப்பட்டது என்பது ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எரிப்பு நிலை மாறும்போதெல்லாம் தங்கக் கிண்ணத்தோடு சரிபார்க்க வேண்டும். பட்ஜெட்டில் கேமராவுக்கு இடமிருந்து கிண்ணத்துக்கு இடமில்லாத ஆலை, ஆயுள் கணக்கு என்ற நோக்கத்தைக் கொள்முதல் கோப்பிலிருந்து அடித்துவிட்டு, ஒப்பீட்டுக்கு மட்டும் என்று எழுதிக்கொண்டு வாங்கட்டும்.